காய்ந்த சுண்ணாம்பு செய்யும் வேலை: குறைந்த ஓட்ட மயக்க முறையும் நச்சு வாயு பயமும்

பித்தப்பை அறுவைக்காக மனைவியைச் சேர்த்திருந்த ஒரு பெரியவர், முந்தைய நாள் மாலை நான் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வராந்தாவில் என்னை நிறுத்தினார். "டாக்டர் தம்பி, ஒண்ணு கேக்கணும். இப்பல்லாம் ஆபரேசன்ல விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வைக்கிறாங்களாமே? அதுல விஷவாயு சேருதுன்னு போன்ல ஒருத்தர் அனுப்பியிருந்தாரு. நெசமா?"

விட்ட மூச்சைத் திரும்பக் கொடுப்பது உண்மை. மயக்க வாயு சில நேரம் உடைந்து கெட்ட பொருளாக மாறும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, "வாயுவைக் குறைத்து ஓட்டினால் விஷம் வரும்" என்று சொல்வதுதான் தவறு. அந்தப் பெரியவர் மட்டுமல்ல, என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் இதே முடிச்சோடுதான் வருகிறார்கள். "லோ ஃப்ளோ வெச்சா கார்பன் மோனாக்சைடு வரும் சார்" என்று தயங்காமல் சொல்கிறார்கள். அவரிடம் வராந்தாவில் ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரில் ஏசி போடுவது போல

வெயில் காலத்தில் காரில் ஏசி போடுகிறீர்கள். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டும் ஏசி ஓட்டலாம். குளிர்ந்த காற்று வரும், வெளியே போய்க்கொண்டும் இருக்கும். பெட்ரோல்தான் வீணாகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும் பொத்தானை அழுத்தினால், ஏற்கெனவே குளிர்ந்த காற்றே மறுபடி குளிர்கிறது. செலவு குறைகிறது.

மயக்க இயந்திரமும் இப்படித்தான். ஆக்சிஜனும் காற்றும் கலந்த வாயு இயந்திரத்திலிருந்து வருகிறது. வழியில் மயக்க மருந்தின் ஆவி அதில் கலக்கிறது. இப்படி நிமிடத்துக்கு நிமிடம் புதிதாகச் சேரும் வாயுவின் அளவைப் புதுவாயு ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி இதை இழுத்து, வெளியே விடுகிறார். அந்த வெளிமூச்சில் பெரும்பகுதி இன்னும் நல்ல சரக்குதான். படுத்திருக்கும் வயது வந்த ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. மயக்க மருந்தோ உடலுக்குள் மிகக் கொஞ்சமே மாற்றமடைகிறது. ஐசோஃப்ளூரேனில் 0.2 சதவீதம், டெஸ்ஃப்ளூரேனில் அதில் பத்தில் ஒரு பங்கு, செவோஃப்ளூரேனில் 2 முதல் 5 சதவீதம். மீதியெல்லாம் போன உருவத்திலேயே மூச்சோடு திரும்பி வருகிறது. அதை ஏன் வெளியே கொட்ட வேண்டும்?

நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் புதுவாயு விட்டால் பெரும்பகுதி கழிவுக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போய்விடும். அதை 1 லிட்டராகவோ அதற்கும் கீழேயோ குறைத்து, வெளிமூச்சையே சுத்தம் செய்து திரும்பக் கொடுப்பதுதான் குறைந்த ஓட்ட மயக்க முறை.

எவ்வளவு மிச்சம்? எங்கள் துறையில் ஒரு மனக்கணக்கு உண்டு. நிமிட ஓட்டத்தை லிட்டரில் எடுத்து, ஆவியின் சதவீதத்தால் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் செலவாகும் திரவ மருந்து மில்லிலிட்டரில் வரும். 2 சதவீத செவோஃப்ளூரேனை 6 லிட்டரில் ஓட்டினால் 36 மில்லி. 1 லிட்டரில் 6 மில்லி. 250 மில்லி பாட்டில் ஒன்று ஏழு மணி நேரத்தில் தீர்வதும், நாற்பது மணி நேரம் தாண்டுவதும் இந்த ஒரு குமிழைத் திருகுவதில் இருக்கிறது. (முதல் சில நிமிடங்கள் எல்லோரும் அதிக ஓட்டத்தில்தான் தொடங்குவோம். அதனால் உண்மையான மிச்சம் இதைவிடச் சற்றுக் குறையும்.)

மிச்சம் பணத்தில் மட்டுமில்லை. இந்த ஆவிகள் வளிமண்டலத்தைச் சூடாக்குபவை. நூறு ஆண்டுக் கணக்கில் டெஸ்ஃப்ளூரேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணத்தால் தவிர்க்கவே முடியாத இடங்கள் தவிர, அதன் பயன்பாட்டைத் தடை செய்திருக்கிறது. ஆக, ஓட்டத்தைக் குறைப்பது வெறும் கஞ்சத்தனம் அல்ல.

சுருக்கமாக: வெளிமூச்சில் ஆக்சிஜனும் மருந்தும் நிறைய மிஞ்சுகின்றன. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் வெளிமூச்சிலிருந்து ஒன்றை மட்டும் கட்டாயம் எடுத்தாக வேண்டும். அது கரியமில வாயு.

வெள்ளையடித்த சுவர்

பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் நீர் பால் போல வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு கரையாத சுண்ணக்கல்லாக மாறிவிடுகிறது. பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் நாளாக ஆக இறுகுவதும் இதனால்தான். சுவர் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகிறது. கொத்தனார் பூச்சு முடித்த பின்னும் சில நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். ஈரம் இல்லாவிட்டால் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது என்பது அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். இந்த ஈரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

மயக்க இயந்திரத்தின் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற ஒரு டப்பா இருக்கும். அதற்குள் கடுகைவிடப் பெரிய, உருண்டையும் கரடுமுரடுமான வெள்ளைக் குறுணைகள். பெயர் சோடா லைம். பெரும்பகுதி நம் சுண்ணாம்பேதான், வேதியியல் பெயரில் கால்சியம் ஹைட்ராக்சைடு. சுமார் 15 சதவீதம் நீர். கூடவே மிகக் கொஞ்சம் வீரிய காரம், அதாவது தோலில் பட்டால் புண்ணாக்கும் காஸ்டிக் சோடா. சில பழைய தயாரிப்புகளில் அதைவிடக் கடுமையான காஸ்டிக் பொட்டாஷும் சேர்ந்திருந்தது.

சுண்ணாம்பு மட்டும் போதாதா, இந்தக் காரம் எதற்கு? வேகத்துக்கு. கட்டுமான இடத்தில் கொத்தனார்தான் சுவர் கட்டுகிறார், ஆனால் செங்கல்லை எடுத்துக் கையில் கொடுக்கச் சித்தாள் வேண்டும். கரியமில வாயு முதலில் குறுணையின் ஈரத்தில் கரைகிறது. காஸ்டிக் சோடா அதைச் சட்டென்று பிடித்துச் சுண்ணாம்பின் கையில் தருகிறது. சுண்ணாம்பு அதைக் கல்லாக்கிக் கட்டிவிடுகிறது. காஸ்டிக் சோடா செலவாவதில்லை, அடுத்த செங்கல்லுக்குத் திரும்பிப் போகிறது. இந்த வேலையில் வெப்பமும் பிறக்கும், கொஞ்சம் நீரும் பிறக்கும். ஒரு மணி நேரம் ஓடிய டப்பாவைப் புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உட்சுவரில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும்.

இது புது யோசனை அல்ல. லண்டனில் ஜான் ஸ்னோ 1850-ஐ ஒட்டியே காஸ்டிக் பொட்டாஷ் வைத்து வெளிமூச்சைச் சுத்தம் செய்து பார்த்தார். அமெரிக்காவின் ரால்ஃப் வாட்டர்ஸ் 1920-களில் சோடா லைம் டப்பாவை நோயாளியின் முகத்தருகே வைத்துப் பயன்படுத்தினார். மூச்சு ஒரே திசையில் வட்டமாகச் சுற்றும் இன்றைய அமைப்பு 1930 வாக்கில் வந்தது. சைக்ளோபுரோப்பேன் என்ற வாயு பழக்கத்துக்கு வந்தபோது அது விலையும் அதிகம், தீப்பற்றும் ஆபத்தும் அதிகம் என்பதால், வாயுவை வெளியே விடாமல் சுற்றவைக்கும் மூடிய சுற்று கட்டாயமாயிற்று. 1956-இல் தீப்பற்றாத ஹாலோத்தேன் வந்த பிறகுதான் தாராளமாக லிட்டர் லிட்டராக விடும் பழக்கம் வேரூன்றியது. அதாவது குறைந்த ஓட்டம்தான் மூத்தது.

உடைவது எங்கே?

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. மயக்க மருந்து நோயாளியின் நுரையீரலில் உடைவதில்லை, மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசரிலும் உடைவதில்லை. உடைந்தால், அது இந்த டப்பாவுக்குள்தான்.

வீரிய காரத்துக்கு ஒரு குணம் உண்டு. கிடைக்கிற மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கப் பார்க்கும். பக்கத்தில் நீரும் கரியமில வாயுவும் இருக்கும்வரை அதன் கை அவற்றிலேயே நிறைந்திருக்கும். நீர் போய்விட்டால் கை சும்மா இருக்காது. கடந்துபோகும் மயக்க ஆவியைப் பிடிக்கும். மூலக்கூறு உடைந்து வேறு பொருளாகும். இப்படிப் பிறக்கும் தேவையில்லாத பொருட்களை சிதைவுப் பொருட்கள் என்போம்.

எந்த மருந்து என்ன பொருளாக உடையும் என்பது அந்தந்த மருந்தின் உடலமைப்பைப் பொறுத்தது. டெஸ்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், பழைய என்ஃப்ளூரேன் மூன்றுக்கும் மூலக்கூறின் ஓரத்தில் ஒரே மாதிரித் துண்டு ஒன்று இருக்கிறது: ஒரு கார்பன், இரண்டு ஃப்ளோரின், ஒரு ஹைட்ரஜன், அதை ஒட்டி ஓர் ஆக்சிஜன். காய்ந்த காரம் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கினால் அங்கிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. டெஸ்ஃப்ளூரேனில் அதிகம், ஐசோஃப்ளூரேனில் குறைவு. செவோஃப்ளூரேனில் இந்தத் துண்டு கிடையாது. அது வேறு விதமாக உடைகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆபத்தை மருத்துவ உலகம் முதலில் கற்றது 1940-களில். டிரைக்ளோரோஎத்திலீன் என்ற மயக்க மருந்தைச் சோடா லைம் உள்ள சுற்றில் கொடுத்தபோது, சில நோயாளிகள் எழுந்ததும் முகம் மரத்துப் போயிருந்தது. டப்பாவின் காரமும் சூடும் சேர்ந்து அதை டைக்ளோரோஅசெட்டிலீன் என்ற நரம்பு நஞ்சாக்கியிருந்தன. அதன்பிறகு அந்த மருந்தைச் சோடா லைமோடு சேர்க்கக் கூடாது என்பது விதியாயிற்று.

இதுவரை: சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடிக்கிறது, வீரிய காரம் அதற்கு எடுபிடி, ஈரம் அந்தக் காரத்துக்குக் கடிவாளம். கடிவாளம் போனால் காரம் மருந்தை உடைக்கிறது.

திங்கட்கிழமைக் காலை

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு விநோதம் கவனிக்கப்பட்டது. அறுவையின்போது சில நோயாளிகளின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. புகையில்லை, நெருப்பில்லை. ஆனால் ஓர் ஒற்றுமை இருந்தது: பெரும்பாலும் திங்கட்கிழமை, பெரும்பாலும் அன்றைய முதல் நோயாளி.

காரணம் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை கடைசி அறுவை முடிந்ததும் யாரோ ஆக்சிஜனை அணைக்காமல் போயிருப்பார்கள். குழாயிலிருந்து வரும் வாயு ஈரமே இல்லாத வறண்ட வாயு. சுற்றில் மாட்டியிருக்கும் மூச்சுப் பையைக் கழற்றிவிட்டு அதன் முனையைத் திறந்து வைத்திருந்தால், அந்த வாயு டப்பாவின் வழியாகவே பின்னோக்கி ஓடி வெளியேறும். இரண்டு இரவும் இரண்டு பகலும் வறண்ட காற்று வீசினால் ஈரத்துணியே மொறமொறவென்று ஆகிவிடும். குறுணைகள் என்ன ஆகும்? டெஸ்ஃப்ளூரேனை வைத்துச் செய்த சோதனைகளில், சோடா லைமின் நீர் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கார்பன் மோனாக்சைடு உருவானது. அதற்கு மேல் ஈரம் இருந்தவரை வரவில்லை.

நான் பயிற்சியில் இருந்த மருத்துவமனையில் இதைக் கண்ணால் பார்த்தேன். திங்கள் காலை ஏழு மணிக்கு இயந்திரத்தைச் சோதிக்கப் போனால், ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் குழாய்க்குள் இருக்கும் சிறிய மிதவை 5 லிட்டர் கோட்டில் நின்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அறையில் யாருமில்லை. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லவும் ஆளில்லை. என் மூத்த மருத்துவர் வந்தார், டப்பாவைக் கழற்றச் சொன்னார். உட்சுவரில் ஒரு துளி நீர்க்கோப்பு இல்லை. ஆட்டினால் காய்ந்த பட்டாணி போலக் கலகலத்தது. நிறமோ பளிச்சென்ற வெள்ளை. "நல்லா வெள்ளையாத்தானே இருக்கு மேடம், போன வாரம்தான் போட்டோம், எதுக்கு மாத்தணும்?" என்று சிஸ்டர் கேட்டார். மேடம் பதில் சொல்லாமல் இரண்டு அடுக்கையும் கழிவுப் பையில் கொட்டினார். கொட்டி முடித்த பிறகுதான் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

சிஸ்டரின் கேள்வியில் நியாயம் உண்டு. குறுணையில் ஒரு சாயம் கலந்திருக்கும். சுண்ணாம்பு தீர்ந்து காரத்தன்மை குறைந்தால் வெள்ளை ஊதாவாகும். அந்தச் சாயம் சொல்வது "கரியமில வாயுவைப் பிடிக்கும் திறன் தீர்ந்தது" என்பதை மட்டும்தான். "காய்ந்துவிட்டேன்" என்று வழக்கமான சோடா லைமின் சாயம் சொல்லாது. காய்ந்த குறுணை புதிதைப் போலவே வெள்ளையாக இருக்கும். இன்னொன்று: ஊதாவான குறுணை ஓய்வில் கிடந்தால் மறுபடி வெளுத்துவிடுவதுண்டு. ஆகவே காலையில் பார்க்கும் வெள்ளையை நம்ப முடியாது.

கார்பன் மோனாக்சைடு ஏன் இவ்வளவு பயத்துக்குரியது? இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்கிறது. பஸ்ஸில் இருக்கையெல்லாம் துண்டு போட்டுப் பிடித்துவிட்டதைப் போல. ஆக்சிஜன் ஏற இடமில்லை. காய்ந்த டப்பாவால் பாதிக்கப்பட்ட சிலரிடம் ஹீமோகுளோபினில் 30 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் பிடிபட்டிருந்ததாகப் பதிவுகள் உள்ளன.

இன்னும் மோசம், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இது தெரியாது. அது சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் எவ்வளவு சிவப்பு என்பதைக் கொண்டுதான் ஆக்சிஜனைக் கணிக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பு. எனவே திரையில் 98, 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். தலைவலி, குமட்டல் என்று சொல்ல நோயாளி விழித்திருக்கவும் இல்லை. விழித்த பிறகு சொன்னாலும் அவை அறுவைக்குப் பின் வழக்கமாக வரும் தொல்லைகளே என்று நாம் நினைத்துவிடுவோம். இரத்த மாதிரியைத் தகுந்த கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சந்தேகம் யாருக்கு வரும்?

இப்போது அந்த முடிச்சை அவிழ்க்கலாம். டப்பாவைக் காயவைத்தது குறைந்த ஓட்டமா? இல்லை. அணைக்காமல் விட்ட அதிக ஓட்டம். குறைந்த ஓட்டத்தில் நோயாளியின் மூச்சு ஈரம் சுற்றுக்குள்ளேயே தங்குகிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் வேலையிலும் நீர் பிறக்கிறது. எனவே குறைந்த ஓட்டத்தில் ஓடும் டப்பா காய்வதில்லை, ஈரமாகவே இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே காய்ந்துபோன டப்பாவில் குறைந்த ஓட்டத்தில் தொடங்கினால், பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்த ஓட்டம் அதைப் பெற்றெடுப்பதில்லை, பிறந்ததை வெளியேயும் விடுவதில்லை.

காம்பவுண்ட் ஏ: எலிக்கு ஒன்று, மனிதருக்கு வேறு

செவோஃப்ளூரேன் ஜப்பானில் 1990-லும் அமெரிக்காவில் 1995-லும் புழக்கத்துக்கு வந்தது. இன்று குழந்தைகளுக்கு முகமூடி வைத்து மயக்கம் கொடுக்க இதைத்தான் பெரும்பாலும் நாடுகிறோம், வாசம் உறுத்தாது என்பதால். இது ஈரமான சோடா லைமிலும்கூடக் கொஞ்சம் உடையும். வீரிய காரம் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு ஃப்ளோரினையும் கழற்ற, மிஞ்சுவது காம்பவுண்ட் ஏ என்ற பொருள். பெயரில் மர்மம் எதுவும் இல்லை, ஆய்வாளர்கள் வரிசையாக ஏ, பி, சி என்று எழுதிவைத்ததில் முதலாவது.

இது விஷயத்தில் ஓட்டத்தின் பங்கு உண்மையிலேயே உண்டு. ஓட்டம் குறைந்தால் டப்பா அதிகம் உழைக்கிறது, சூடாகிறது, பிறந்தது வெளியேறாமல் சேர்கிறது. எனவே காம்பவுண்ட் ஏ-யின் அளவு கூடுகிறது. "லோ ஃப்ளோ ஆபத்து" என்ற பேச்சுக்கு மூலம் இதுதான்.

எலிகளை மணிக்கணக்கில் இதைச் சுவாசிக்க வைத்தபோது சிறுநீரகச் செல்கள் சிதைந்தன. அந்தப் பயத்தில் அமெரிக்க மருந்துக் குறிப்பில், 1 லிட்டருக்குக் கீழே ஓட்ட வேண்டாம், 1 முதல் 2 லிட்டருக்குள் ஓட்டினாலும் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை ஏறியது. பல நாடுகளில் அப்படி ஒரு எல்லை வைக்கப்படவேயில்லை.

பிறகுதான் எலிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. காம்பவுண்ட் ஏ நேராக நஞ்சல்ல. உடலுக்குள் சில மாற்றங்கள் அடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது, அங்கே பீட்டா லையேஸ் என்ற நொதி அதை நஞ்சாக்குகிறது. எலியின் சிறுநீரகத்தில் அந்த நொதியின் வேகம் மிக அதிகம். மனிதச் சிறுநீரகத்தில் பல மடங்கு குறைவு. அதே அரிவாள்மனை எலி வீட்டில் தீட்டி வைத்திருக்கிறது, நம் வீட்டில் மழுங்கிக் கிடக்கிறது. மனிதர்களிடம் நீண்ட நேரம் குறைந்த ஓட்டத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில், சிறுநீரில் புரதம் தற்காலிகமாகக் கூடியது. மற்றவற்றில் அதுவும் இல்லை. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்த கிரியாட்டினின் கெடவில்லை. இத்தனை ஆண்டுகளில், இத்தனை கோடி மயக்கங்களில், காம்பவுண்ட் ஏ-யால் ஒரு மனிதரின் சிறுநீரகம் செயலிழந்தது என்று நிறுவப்படவில்லை.

என் கருத்தைக் கேட்டால், காம்பவுண்ட் ஏ-க்குப் பயந்து 2 லிட்டருக்கு மேலேயே குமிழை வைத்திருப்பவர்கள், பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள். செவோஃப்ளூரேனிலும் கவனிக்க வேண்டியது காய்ந்த டப்பாதான். காய்ந்த காரத்தில் அது வேகமாக உடையும். வேப்பரைசரில் 8 சதவீதம் வைத்தும் நோயாளிக்கு மருந்து போய்ச் சேராது, டப்பா மட்டும் கொதிக்கும். பேரியம் கலந்த பாராலைம் என்ற தயாரிப்பைக் காயவைத்துச் செவோஃப்ளூரேனை ஓட்டிய ஆய்வுக்கூடச் சோதனைகளில் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறித் தீயும் பிடித்தது. மருத்துவமனைகளிலும் தீ விபத்துகள் நடந்தன. 2004-இல் பாராலைம் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதுவரை: கார்பன் மோனாக்சைடு காய்ந்த டப்பாவில் பிறக்கிறது, ஆபத்தானது, குறைந்த ஓட்டத்தால் வருவதல்ல. காம்பவுண்ட் ஏ குறைந்த ஓட்டத்தில் கூடுகிறது, ஆனால் மனிதருக்குத் தீங்கு செய்ததாக நிறுவப்படவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே, வீரிய காரம்.

அறைக்குள் செய்ய வேண்டியவை

முதல் வேலை குமிழை அணைப்பது. அறுவை முடிந்ததும், இடைவேளையிலும், இரவிலும் எல்லா வாயுக் குழாய்களையும் மூட வேண்டும். முடிந்தால் சுவர்க் குழாய் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பைசா செலவில்லாத வேலை. சொல்லிச் சொல்லி, கடைசி ஆள் விளக்கணைப்பதைப் போலப் பழக வேண்டும்.

அடுத்து, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவது. காலையில் வந்து பார்க்கும்போது வாயு ஓடிக்கொண்டிருந்தால், "எப்போதிலிருந்து" என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விடை கிடைக்காது, கிடைத்தாலும் உறுதியில்லை. கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். இரண்டு அடுக்கு உள்ள டப்பாவில் இரண்டையும் மாற்ற வேண்டும். மேலடுக்கை மட்டும் மாற்றிக் கீழடுக்கில் காய்ந்ததை விட்டுவைப்பதை இன்றும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. அமெரிக்காவின் மயக்க மருத்துவ நோயாளிப் பாதுகாப்பு அறக்கட்டளை 2005-இல் இதற்காகவே நிபுணர்களைக் கூட்டி உருவாக்கிய பரிந்துரைகளும் ஏறக்குறைய இவைதான்: அணை, ஒழுங்காக மாற்று, நிறம் மாறினால் மாற்று, முழுவதும் மாற்று, ஈரம் பற்றி ஐயமிருந்தால் மாற்று.

எப்போதாவது மட்டும் பயன்படும் இயந்திரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்கேன் அறையில் ஒன்று, பிரசவ வார்டின் மூலையில் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை தூசி தட்டி எடுப்பார்கள். டப்பாவில் எந்த வருடத்துக் குறுணை என்று யாருக்கும் தெரியாது. குறுணை வந்த கேனைத் திறந்த பின் மூடியை இறுக்கி மூடாமல் அலமாரியில் வைப்பதும் அதே கணக்கில் சேரும்.

காரத்தையே எடுத்துவிட்டால்?

எல்லாவற்றுக்கும் வேர் வீரிய காரம் என்றால் அதை ஏன் வைத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு 1999-இல் வட அயர்லாந்திலிருந்து ஒரு பதில் வந்தது. ஆம்சார்ப் என்ற தயாரிப்பு. காஸ்டிக் சோடாவும் இல்லை, பொட்டாஷும் இல்லை. சுண்ணாம்பும் நீரும், ஈரத்தைப் பிடித்து வைக்கக் கால்சியம் குளோரைடும். காயவைத்து டெஸ்ஃப்ளூரேன் ஓட்டிப் பார்த்தார்கள், கார்பன் மோனாக்சைடு வரவில்லை. செவோஃப்ளூரேன் ஓட்டிப் பார்த்தார்கள், காம்பவுண்ட் ஏ உருவாகவில்லை. பின்னர் இதே வழியில் வேறு நிறுவனங்களும் வந்தன, லித்தியம் சேர்மங்களை வைத்தும் செய்தார்கள். சாதாரண சோடா லைம் செய்பவர்களும் பொட்டாஷை நீக்கி, சோடாவைக் குறைத்துவிட்டார்கள். இன்றைய டப்பா 1990-களின் டப்பா அல்ல.

குறை இல்லாமல் இல்லை. சித்தாள் இல்லாத இடத்தில் கொத்தனாரே இறங்கிச் செங்கல் எடுக்க வேண்டும். வீரிய காரமில்லாத குறுணை கரியமில வாயுவைப் பிடிக்கும் மொத்தத் திறனில் பெரும்பாலும் பின்தங்குகிறது, சீக்கிரம் தீர்கிறது. விலையும் கூடுதல். ஓட்டத்தைக் குறைத்தால் டப்பாவுக்கு வேலை கூடும், ஆகவே இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். கணக்குப் பார்க்கும் நிர்வாகம் இங்கேதான் முகம் சுளிக்கும். குறுணையின் விலையை மட்டும் பார்க்காமல், நான் மேலே போட்ட 36 மில்லி, 6 மில்லி கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு மாறும். நான் காட்டியிருக்கிறேன், மாறியிருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஐயா, மூச்சைத் திரும்பக் கொடுக்கிறது நெசம். நடுவுல ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கு. வெத்தலைப் பெட்டியில சுண்ணாம்பு காஞ்சு போனா பாட்டி ரெண்டு சொட்டுத் தண்ணி விடுவாங்கல்ல? இங்க நாங்க தண்ணி விட மாட்டோம், மொத்தமா கொட்டிட்டுப் புதுசு போடுவோம்." அவர் சற்று யோசித்துவிட்டு, "நாளைக்கு இருக்கப்போற சுண்ணாம்பு என்னைக்குப் போட்டது?" என்று கேட்டார். மறுநாள் காலை, அவர் மனைவியை உள்ளே அழைத்துவரும் முன், டப்பாவின் மேல் ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரியில் மார்க்கரால் எழுதியிருந்த தேதியைப் படித்தேன். அன்றைய தேதி, கீழே தியேட்டர் டெக்னீஷியனின் கையெழுத்து. உட்சுவரில் இன்னும் நீர் கோக்கத் தொடங்கவில்லை. அவருக்குப் போனில் சொன்னேன், "இன்னைக்குக் காலையில போட்டதுங்கய்யா."